கழற்றிப் பூட்டும் வீடுகள்

பாறசாலையிலிருந்து இஞ்சிவிளை வழியாகக் களியக்காவிளைக்குச் செல்பவர், ஒரு ராஜ்யத்தின் எல்லையைக் கடந்து மற்றொன்றில் பிரவேசித்துவிட்டதைச் சாலையோரப் பலகைகளைக் கண்டே உணரவேண்டும். ஏனெனில் தென்னைக்கும் மரச்சீனி விளைகளுக்கும் இடையே இருபுறமும் எஞ்சி நிற்கும் பழைய வீடுகள், சரிந்த ஓட்டுக்கூரையாலும் தாழ்ந்த இறவாரத்தாலும் அறைப்புரை என்னும் மரக் களஞ்சிய அறையாலும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் போலவே காணப்படுகின்றன. 1956-ம் ஆண்டு நவம்பர் முதல் தேதி கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தில் சேர, தமிழ்க் குடும்பங்கள் பலவற்றைத் தன்னுள் கொண்ட நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. வீடு கட்டும் முறை மட்டும் பிரியவில்லை.

இன்று இப்பக்கத்தில் ஒரு குடும்பம் பழைய வீட்டைப் புதுக்கத் தொடங்கி, இடித்த வீடுகளின் கதவு, நிலை, உத்தரம் முதலியவற்றை விலைக்கு வாங்கிப் பொருத்துமாயின், அதை நகரத்து மோகம் என்று கருதுவோர் உண்டு. அது பிழை. இங்கே வீடு என்பதே கழற்றிப் பூட்டும் வண்ணம் இயற்றப்பட்டது. உத்தரத்தின்மேல் வரிசையாக அமரும் கழுக்கோல்கள் என்னும் சாய்வு மரங்கள் ஒவ்வொன்றிலும் துளையிட்டு, அத்துளைகளின் ஊடே வளை என்னும் கட்டையைச் செலுத்தி, மூலைகளைக் குடுமியும் துளையுமாக இணைத்து, இரும்பாணியின் உதவி பெரும்பாலும் இன்றியே ஆசாரிமார் கூரையை நிறுத்தினார்கள். ஆகையால் மரத்துக்குச் சேதமின்றி அதை இறக்கவும், வேறொரு விளையில் மறுபடி ஏற்றவும் இயன்றது. இந்தத் தச்சு வித்தையின் பூரண சௌந்தரியத்தைக் காண விரும்புவோர், தமிழ்நாட்டு மண்ணில் இருந்தும் கேரள அரசின் பராமரிப்பில் உள்ள பத்மநாபபுரம் அரண்மனைக்குச் சென்று வரலாம்.

மரத்தை இத்தனை கருத்தோடு பேணியதற்கு வேறொரு காரணமும் உண்டு. எல்லையின் இருபக்கமும் முன்பு அடங்கியிருந்த திருவிதாங்கூரில் தேக்கு, ஈட்டி, கருங்காலி, சந்தனம் ஆகியவை ராஜவிருட்சங்கள்; எவருடைய விளையில் முளைத்தாலும் அவை சர்க்காருக்கே உரியவையாக இருந்தன. எனவே சாமானிய ஜனங்களின் வீடுகள் பலாவாலும் அயினியாலும் முற்றிய பனையாலும் அமைந்தன. அவற்றையும் விரும்பியபடி உயர்த்திக் கட்ட எல்லோருக்கும் சுதந்திரம் இருந்ததா? இல்லை. திருவிதாங்கூரில் ஊழியம் செய்த லண்டன் மிஷனைச் சேர்ந்த சாமுவேல் மெட்டீர், 1871-ல் வெளியிட்ட தம் நூலில், நாடார் மக்கள் ஒரு தளத்துக்குமேல் வீடு எழுப்பலாகாது என்ற தடையைப் பதிவு செய்திருக்கிறார். பழைய வீட்டின் அழகைப் பாடுகிறவர்கள் இந்த அநீதியை மறைத்துப் பேசுவது எனக்குச் சம்மதமில்லை.

பழைய மரம் விலைக்கு வந்ததற்குச் சட்டமும் ஒரு காரணம். கொல்லம் ஆண்டு 1100, அதாவது 1925-ல், நாயர் ரெகுலேஷன் என்னும் சட்டம் தறவாடு என்ற கூட்டுக்குடும்பத்தின் சொத்தில் ஆளுக்கொரு பங்கு கேட்க வழிசெய்தது. அடுத்த ஆண்டு நாஞ்சில் நாட்டு வேளாளருக்கும் இத்தகைய சட்டம் பிறந்தது. நிலத்தைக் கயிறு பிடித்துப் பங்கிடலாம். நடுமுற்றத்தைச் சூழ நாலு கட்டாக அமைந்த நாலுகெட்டு வீட்டை எவ்வாறு பங்கிடுவது? தலைமுறைகள் கூடி வாழ்ந்த வீடுகள் பல இவ்வாறு பிரிந்து விலைக்கு வந்தன. முன்பு அவற்றின் முற்றத்தையும் மிதிக்கக் கூடாதவராய் இருந்தவரும் பணம் கொடுத்து அந்த நிலையையும் கதவையும் தம் வீட்டில் வைக்கும் காலம் வந்தது.

ஓட்டின் கதையும் இவ்வாறு கழற்றிப் பூட்டும் வழக்கை ஒட்டியதே. 1865-ல் மங்களூரில் பாசல் மிஷனார் தொடங்கிய ஆலையிலிருந்து பரவிய தட்டை ஓடு, பட்டியல் என்னும் மரச்சட்டத்தில் கொளுவி நிற்பதேயன்றிச் சாந்தால் ஒட்டுவதன்று. ஒவ்வொன்றாகக் கையால் எடுத்து, பாசி தேய்த்து, மீண்டும் அடுக்கலாம். 1970 அளவில் திருவனந்தபுரத்தில் குடியேறிய கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், இடித்த வீடுகளின் கதவு ஜன்னல்களைத் தேடி வாங்கிப் பொருத்தியதோடு, பழைய ஓடுகளைக் கான்கிரீட் தளத்தினுள் பதித்துச் சிமெண்டையும் கம்பியையும் மிச்சப்படுத்திக் காட்டினார்.

எல்லைப்புறத்து அன்பர்களே, பழைய வீட்டை மாற்றியே தீரவேண்டும் என்றால், இடிக்கும் இயந்திரத்தை அழைப்பதற்கு முன் ஊரில் மிஞ்சியிருக்கும் முதிய ஆசாரி ஒருவரை அழையுங்கள். கழுக்கோல்களுக்குச் சுண்ணத்தால் எண்ணிட்டு இறக்கச் சொல்லுங்கள். உங்களுக்கு வேண்டாத பலா உத்தரத்தை விறகுக்குக் கொடாமல், வீடு புதுக்கும் அயலாருக்குக் கொடுங்கள்.