யாழ்ப்பாணத்தில் பிறந்து வடசென்னைக்கு எம்.பி. ஆனவர்

சென்ற வாரம் வடசென்னை நாடாளுமன்றத் தொகுதியைப் பற்றி எழுதியபோது, பழைய உறுப்பினர்களைப் பற்றியும் எழுதுங்கள் சார் என்று இரண்டு முன்னாள் மாணவர்கள் கேட்டிருந்தார்கள். அதனால் இன்று எஸ்.சி.சி. அந்தோணிப்பிள்ளை அவர்களைப் பற்றி. 1957 பொதுத் தேர்தலில் சுயேச்சையாக நின்று வடசென்னையில் வென்றவர். காங்கிரஸ் அலை அடித்த காலத்தில் அது சின்ன விஷயமில்லை.

அவர் 1914-ல் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். கொழும்பிலும் பிறகு லண்டனிலும் படித்தார். அந்தப் படிப்புக்கு வெள்ளைக்காரன் காலத்தில் பெரிய உத்தியோகம் காத்திருக்கும். அவரோ லங்கா சமசமாஜக் கட்சியில் சேர்ந்து, நுவரெலியா பக்கம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களைத் திரட்டப் போனார். அந்தக் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரான பிலிப் குணவர்தனவின் தங்கை கரோலினை மணந்தார். மணப்பெண் சிங்களக் குடும்பம், மாப்பிள்ளை யாழ்ப்பாணத் தமிழர்.

இரண்டாம் உலகப் போரின்போது கட்சி தடை செய்யப்பட்டது. தலைவர்கள் சிறையிலிருந்து தப்பினார்கள். 1942-ல் பலர் கடல் கடந்து இந்தியா வந்தார்கள். அந்தோணிப்பிள்ளையும் அப்படித்தான் வந்து, மதுரையில் தலைமறைவாக வேலை செய்தார். இங்கும் ஆங்கில அரசு அவரைச் சிறையில் அடைத்தது. வெளியே வந்தபின் 1946-ல் சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவரானார்.

இந்தச் சங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1918 ஏப்ரல் 27-ல் பெரம்பூர் பின்னி மில் (பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள்) தொழிலாளர்களுக்காகத் தொடங்கப்பட்டது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று இதைத்தான் சொல்வார்கள். முதல் தலைவர் பி.பி. வாடியா பம்பாய்ப் பார்சி. அவர் பக்கத்தில் நின்றவர்கள் திரு.வி.க.வும் செல்வபதிச் செட்டியாரும். 1921 வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்கள் சாதியால் பிளந்து, புளியந்தோப்பில் கலவரம் ஆயிற்று. அந்தப் போராட்டம் தோற்றது. லாபம் நிர்வாகத்துக்கு.

1947 மார்ச்சில் மீண்டும் பெரிய வேலைநிறுத்தம். ஏறத்தாழ 14,000 பேர், நூறு நாள் அளவுக்கு நீடித்தது. அந்தோணிப்பிள்ளை கைது செய்யப்பட்டார். அப்போது மாகாணத்தில் இருந்தது காங்கிரஸ் அரசு! சுதந்திரம் வர சில மாதங்களே இருந்தன. என் பெரியப்பா அந்த மில்லில் நெசவுப் பிரிவில் இருந்தவர். அந்த நூறு நாளும் வீட்டில் கேழ்வரகுக் கூழ்தான் என்று சொல்லுவார். சொல்லும்போது வருத்தம் இருக்காது, பெருமைதான் இருக்கும்.

அதன்பின் 1952-ல் அந்தோணிப்பிள்ளை சட்டமன்ற உறுப்பினர், 1957 முதல் 1962 வரை மக்களவை உறுப்பினர். துறைமுகத் தொழிலாளர் சங்கத்திலும் நெடுங்காலம் உழைத்தார். பதவி போனபின்னும் சங்க வேலையை விடவில்லை. 2000-ல் மறைந்தார்.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். 1948-ல் இலங்கை அரசு கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம், மலையகத் தோட்டத் தொழிலாளர்களை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டே ஓட்டும் போயிற்று. நீங்கள் இந்தியாக்காரர்கள் என்பதுதான் சொன்ன காரணம். அந்தோணிப்பிள்ளை ஒரு காலத்தில் திரட்டிய அதே மக்கள். 1964-ல் சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தம் போட்டு, அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று பங்கு பிரித்தார்கள். ஆனால் இங்கே நம் மில் தொழிலாளியும் துறைமுகத் தொழிலாளியும், இலங்கையில் பிறந்த ஒருவரைத் தங்கள் ஆளாக நினைத்து டெல்லிக்கு அனுப்பினார்கள். எந்த ஊர்க்காரர் என்று கேட்கவில்லை. நமக்காகச் சிறைக்குப் போனவர் என்பது அவர்களுக்குப் போதும்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. மீஞ்சூர், அத்திப்பட்டு, காட்டுப்பள்ளி, எண்ணூர் எங்கும் இன்று ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பிள்ளைகள் கான்ட்ராக்டில் வேலை செய்கிறார்கள். ஒரே அறையில் பத்துப் பேர். டீக்கடையில் அவர்களை நம்மவர்கள் பேசும் பேச்சு காது கொண்டு கேட்க முடியவில்லை. உள்ளூர்ப் பையன்களுக்கு வேலை கிடைக்கவில்லை என்ற ஆதங்கம் நியாயமானது, நானும் மறுக்கவில்லை. ஆனால் குறைந்த கூலிக்கு ஆள் எடுப்பவர் யார்? நிரந்தர வேலையைக் கான்ட்ராக்ட் ஆக்கியவர் யார்? அந்தக் கேள்வியைக் கேட்காமல், நம்மைப் போலவே வயிற்றுப்பாட்டுக்கு வந்தவனை வைதால் 1921 கதைதான் திரும்பும்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய சில ஆண்டுகளில் என் வகுப்பில் ஒடிசாக் குழந்தைகள் இரண்டு பேர் இருந்தார்கள். ஆறு மாதத்தில் தமிழ் எழுத்துகள் அத்தனையும் எழுதினார்கள். பிற்காலத்தில் அவர்களில் ஒருவர் இந்த மண்ணுக்காகப் பேசும் தலைவராக வரமாட்டார் என்று எப்படிச் சொல்ல முடியும்?

உங்கள் வீட்டில் பின்னி மில்லிலோ துறைமுகத்திலோ வேலை பார்த்த பெரியவர்கள் இருந்தால், அந்தோணிப்பிள்ளை பற்றிக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் சொல்வதைக் கீழே எழுதுங்கள். அந்தத் தலைமுறை போய்க்கொண்டிருக்கிறது.