தோஹா ஒப்பந்தம்: ஓர் உரை

2020 பிப்ரவரி 29 அன்று அமெரிக்காவின் சார்பில் சல்மே கலீல்சாத்தும் தாலிபான் சார்பில் முல்லா பராதரும் கையெழுத்திட்ட, அமெரிக்கப் படை ஆப்கனிலிருந்து வெளியேறுவதற்கான ஒப்பந்தம் இது. சில பக்கங்கள்தான்.

தலைப்பு: அமெரிக்கா அரசாக அங்கீகரிக்காத, தாலிபான் என்று அறியப்படும் இஸ்லாமிய அமீரகம்.

தாலிபான் வரும் இடமெல்லாம் இந்த நீட்டல் கூடவே வரும். அங்கீகாரம் இல்லையாம், எதிரே உட்கார நாற்காலி மட்டும் உண்டு. 2012 முதல் நேட்டோ சாராத முக்கியக் கூட்டாளி என்ற தகுதியோடு இருந்த காபூல் அரசுக்கு அந்த நாற்காலியும் கிடைக்கவில்லை.

முதற்பகுதி: 14 மாதத்தில் எல்லாரும் வெளியேறுவது.

135 நாளில் அமெரிக்கப் படை 8,600 பேராகக் குறையும் என்ற கணக்கைத்தான் பலரும் பேசினார்கள். கனம் அதில் இல்லை. வெளியேறுவோர் பட்டியலில் ஒப்பந்ததாரர்கள், பயிற்சியாளர்கள், ஆலோசகர்கள், உதவிப் பணியாளர்களும் இருந்தார்கள். ஆப்கன் விமானப்படையின் பிளாக் ஹாக் ஹெலிகாப்டர்களுக்கு ஸ்பேனர் பிடித்தது பெரும்பாலும் இவர்கள்தான். இவர்கள் கிளம்பிய பிறகு பறக்க முடியாமல் நின்றவை பெருகின. 2021 ஜூலைத் தொடக்கத்தில் பாக்ராம் தளத்தை அமெரிக்கர்கள் இரவோடிரவாகக் காலி செய்து, மின்சாரத்தையும் நிறுத்திவிட்டுப் போனார்கள். பொறுப்பேற்க வேண்டிய ஆப்கன் தளபதிக்கே சில மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

கைதிகள்: 5,000 தாலிபான்கள் வரை விடுதலை.

அவர்கள் இருந்தது காபூல் அரசின் சிறைகளில். வாக்குக் கொடுத்தது வாஷிங்டன். அதே நாளில் ஆப்கன் அரசோடு காபூலில் வெளியிட்ட கூட்டுப் பிரகடனமோ, விடுதலை சாத்தியமா என்று பேசிப் பார்க்கலாம் என்பதோடு நின்றது. ஆளுக்கொரு பேச்சு! மறுநாளே ஆப்கன் அதிபர் அஷ்ரப் கனி மறுத்தார். ஆனாலும் செப்டம்பருக்குள் ஏறக்குறைய எல்லாரையும் விடவேண்டியதாயிற்று. என் வாசிப்பில் வாஷிங்டன்–காபூல் கூட்டணி முறிந்தது இந்த வரியில்தான். 2021 ஆகஸ்ட் 15 அன்று காபூல் வீழ்ந்தது அதன் பின்விளைவு.

இரண்டாம் பகுதி: அமெரிக்காவுக்கும் அதன் நேச நாடுகளுக்கும் ஆப்கன் மண்ணிலிருந்து ஆபத்து வராது.

ஆப்கன் சிப்பாயைச் சுடக்கூடாது என்று ஒரு வரியும் கிடையாது. நிரந்தரப் போர்நிறுத்தம் பின்னால் பேசவேண்டிய விஷயமாகத் தள்ளிப்போடப்பட்டது.

அக்கம்பக்கத்து நாடுகளும் இந்த ஒப்பந்தத்தைப் படித்தன. அமெரிக்காவுக்குத் தளம் தரமாட்டோம் என்று 2021 ஜூனில் அன்றைய பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் பகிரங்கமாகச் சொன்னார். ஆப்கனில் சரஞ்ச்–டெலாராம் இடையே 218 கிலோமீட்டர் சாலை போட்டுக்கொடுத்த இந்தியா, ஜூலையில் கந்தஹார் துணைத் தூதரகத்திலிருந்து தன் அதிகாரிகளை அழைத்துக்கொண்டது. கடைசி அமெரிக்க விமானம் ஆகஸ்ட் 30 நள்ளிரவை ஒட்டிக் கிளம்பியது. மறுநாளே தோஹாவில் இந்தியத் தூதர் தாலிபானின் ஸ்டானிக்சாயைச் சந்தித்தார். இந்தியா வெளிப்படையாக ஒப்புக்கொண்ட முதல் சந்திப்பு அது. ஸ்டானிக்சாய் ஒருகாலத்தில் டேராடூன் ராணுவ அகாடமியில் பயிற்சி பெற்றவர்.