சால்ட் லேக்: பெண்களின் இரவுப் பணி

சால்ட் லேக் எனப்படும் பிதான்நகர், கொல்கத்தாவின் கிழக்கே சதுப்பு நிலத்தை மேடாக்கி 1960களில் எழுப்பிய நகர். அதன் செக்டர் 5 பகுதியில் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் வெளிநாட்டு நேரத்துக்கேற்ப இரவிலும் இயங்குகின்றன. மாநிலச் சுகாதாரத் துறையின் தலைமையகமான ஸ்வாஸ்த்ய பவனும் அங்கேதான் உள்ளது. இரவில் பெண்கள் வேலை பார்க்கலாமா என்ற பழைய கேள்வி 2024இல் அதன் வாசலுக்கு வந்தது.

தொழிற்கூடங்களில் பெண்களின் இரவு வேலையை 1906ஆம் ஆண்டின் பெர்ன் உடன்படிக்கை தடுத்தது. இந்தியாவில் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு, காலை 6 மணி முதல் இரவு 7 மணி வரை மட்டுமே பெண்களை வேலை வாங்கலாம் என்றது. பாதுகாப்பே நோக்கம் என்றார்கள். ஆனால் இத்தடை மருத்துவமனைச் செவிலியருக்குப் பொருந்தவில்லை. அவர்கள் எப்போதும் இரவில் வார்டுகளில் நின்றார்கள். பெண்ணின் உழைப்பு தவிர்க்க முடியாத இடத்தில் இருட்டு எவர் கண்ணையும் உறுத்தவில்லை என்பதே அந்தப் பாதுகாப்பு வாதத்தின் பெரிய ஓட்டை. 2000 டிசம்பரில், வசந்தா என்பவர் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தடையை அரசமைப்புக்கு முரணானது என்று நீக்கியதோடு, போக்குவரத்து, ஓய்வறை போன்றவற்றை நிர்வாகத்தின் பொறுப்பாக்கியது.

2024 ஆகஸ்ட் 9 அன்று கொல்கத்தாவின் ஆர்.ஜி. கர் மருத்துவமனையில், பணிக்கிடையே கருத்தரங்க அறையில் ஓய்வெடுத்த பயிற்சி மருத்துவர் பாலியல் வன்முறைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டார். ஆகஸ்ட் 14 நள்ளிரவில் பெண்கள் வங்காளமெங்கும் வீதியில் திரண்டார்கள். மூன்றே நாளில் மாநில அரசு ‘ராத்திரேர் சாத்தி’ (இரவின் துணை) திட்டத்தை அறிவித்தது. ஓய்வறை, கேமரா, காவலர் என்று தேவையானவை அதில் இருந்தன. கூடவே, இயன்றவரை பெண்களுக்கு இரவுப் பணி தரவேண்டாம் என்ற வரியும் இருந்தது. ஆபத்து நீங்கும்வரை பெண்கள் ஒதுங்கியிருப்பது நல்லதுதானே என்று கேட்பவர்களின் கவலை பொய்யல்ல. ஆனால் இரவு அவசரப் பிரிவில் நிற்காத பயிற்சி மருத்துவர் கற்க வேண்டியதைப் பாதியிலேயே இழப்பார். செவிலியரும் பெண் நோயாளிகளும் அதே கட்டடத்தில் அதே ஆபத்தோடு இருப்பார்கள். குற்றம் ஒருவருடையது, காவல் மற்றவருடைய கடமை. வேலையை இழப்பவர் மட்டும் ஏன் பெண்ணாக இருக்க வேண்டும்?

அந்தக் கொலைக்கு நீதி கேட்டு, செப்டம்பர் 10 முதல் இளநிலை மருத்துவர்கள் ஸ்வாஸ்த்ய பவன் முன்னே தெருவிலேயே இரவு பகலாக அமர்ந்தார்கள். 17ஆம் தேதி உச்ச நீதிமன்றம், பெண்களுக்கு இரவுப் பணி தரவேண்டாம் என்ற அந்த வரியைக் கண்டித்தது. பாதுகாப்பு தருவது அரசின் கடமை, பெண்களின் வேலையைக் குறைப்பது தீர்வல்ல என்றது. அரசு அதைக் கைவிட ஒப்புக்கொண்டது.