புள்ளிவரியும் பர்மாப் பணமும்

செட்டிநாட்டில் ஒருவர் கடல் கடந்து தொழிலுக்குக் கிளம்புவதைக் 'கொண்டுவிக்கப் போதல்' என்பார்கள். போகுமுன் முதலாளி வீட்டில் சம்பளச்சீட்டு எழுதப்படும். எந்த ஊர்க் கடை, மூன்றாண்டுக்கு என்ன சம்பளம், அதில் எவ்வளவு இப்போதே வீட்டில் கொடுக்கப்படும் என்பதெல்லாம் அதில் இருக்கும். சிறு வயதிலேயே பெட்டியடிப் பையனாகக் கப்பலேறியவன் கணக்குப் பழகி அடுத்தாள் ஆவான். திறமை இருந்தால் மேலாளாகிக் கடையையே நடத்துவான். தவணை முடிந்ததும் ஊர் திரும்பி, சில காலம் வீட்டோடு இருந்துவிட்டு, அடுத்த சீட்டு எழுதிக்கொண்டு மறுபடி கிளம்புவான். குடும்பத்தோடு போய்க் குடியேறுவது வழக்கமில்லை. ஆச்சியும் பிள்ளைகளும் ஊரில் இருந்தார்கள்; கல்யாணம், கோயில், பங்காளிகள் எல்லாமே ஊரில். ஆகவே பணமும் ஊருக்கு வந்தாக வேண்டியிருந்தது.

அந்த ஊர் வளமான ஊரில்லை. ராமநாதபுரம் ஜமீன், சிவகங்கை ஜமீன், புதுக்கோட்டை சமஸ்தானம் என்று சிதறிக் கிடந்த வானம் பார்த்த பூமி அது. வற்றாத ஆறு கிடையாது. மழை பெய்தால் கண்மாய் நிறையும், இல்லையென்றால் பனையும் கருவேலமும்தான். இங்கே இத்தாலியப் பளிங்கும் பர்மாத் தேக்கும் வந்து இறங்கியதற்கு உள்ளூர் விளைச்சலில் காரணம் தேடிப் பயனில்லை. காரணம் ஐராவதி ஆற்றின் கழிமுகத்தில் இருந்தது.

1852இல் ஆங்கிலேயர் கீழ்ப் பர்மாவைப் பிடித்தபோது அங்கே நெல் விளைந்த நிலம் சுமார் எட்டு லட்சம் ஏக்கர். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐரோப்பாவுக்கு அரிசி அனுப்புவது லாபமாயிற்று. மேல் பர்மாவிலிருந்து விவசாயிகள் இறங்கிவந்து சதுப்புக் காட்டை வெட்டி வயலாக்கினார்கள். 1930களில் நெல் நிலம் 85 லட்சம் ஏக்கரைத் தாண்டியது. காடு வெட்டவும் மாடு வாங்கவும் அறுப்புவரை சாப்பிடவும் அவர்களுக்குக் கடன் வேண்டியிருந்தது. வெள்ளைக்கார வங்கிகள் குத்தகை விவசாயியை வாசலில் ஏற்றவில்லை. அந்த இடைவெளியில்தான் நகரத்தார் எனப்படும் செட்டிநாட்டுச் செட்டியார்கள் வட்டிக்கடை போட்டார்கள்.

எத்தனை கடை? 1930இல் வெளியான பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழுவின் அறிக்கை ஏறத்தாழ 1,650 கடைகள் என்றும், அவற்றின் மொத்த முதல் சுமார் 75 கோடி ரூபாய் என்றும் மதிப்பிட்டது. கீழ்ப் பர்மாவில் மக்கள் நெருக்கமாக வாழ்ந்த எந்தப் பகுதியிலிருந்து கிளம்பினாலும் ஒரு நாள் மாட்டுவண்டிப் பயணத்துக்குள் ஒரு செட்டியார் கடை இருந்தது என்கிறது அதே அறிக்கை. ரங்கூன் மொகல் தெருவிலும் சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலும் கிட்டங்கிகள் இருந்தன. நீண்ட கூடம் ஒன்றைப் பல கடைகள் பகிர்ந்துகொள்ளும். ஒவ்வொரு கடைக்கும் ஒரு மேசைப் பெட்டி, ஒரு பாய், பின்னால் ஒரு இரும்புப் பெட்டி. பகலில் கடை, இரவில் அதே இடத்தில் படுக்கை. கோடிக்கணக்கில் புரட்டியவர்களின் அலுவலகத்தில் நாற்காலிகூடக் கிடையாது.

பர்மாவுக்குப் போன தமிழர் எல்லோருக்கும் இந்தப் பாதை திறந்திருக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதே கப்பலின் மேல்தளத்தில் அறுவடைக்கும் துறைமுக வேலைக்கும் கூலிகளாகப் போனவர்கள் ஆயிரமாயிரம் பேர். அவர்கள் அனுப்பிய பணமும் ஊருக்கு வந்தது. ஆனால் அது மேஸ்திரியின் முன்பணத்தைத் தீர்க்கவும், வீட்டில் அடுப்பெரிக்கவுமே சரியாகப் போனது. சேர்த்துவைத்து ஊருக்கென்று எதையாவது எழுப்ப அவர்களிடம் மிச்சமும் இல்லை, அதற்கான அமைப்பும் இல்லை. நகரத்தாரிடம் இரண்டும் இருந்தன. இரண்டாவதைத்தான் பலரும் கவனிப்பதில்லை.

நகரத்தார் ஒன்பது கோயில் கோத்திரங்களாகப் பிரிந்தவர்கள். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி என்பவை அந்த ஒன்பது. ஒருவனுக்குத் திருமணமானால் அவன் கோயிலிலிருந்து மாலை வரும். அந்தத் தம்பதி கோயில் கணக்கில் ஒரு புள்ளியாகப் பதிவாகும். அன்றிலிருந்து அந்தப் புள்ளி வரி கட்ட வேண்டும். திருப்பணி போன்ற பெருஞ்செலவு வந்தால் சொத்துக்கு ஏற்ப ஆஸ்தி வரி தனி. கடல் கடந்த கடைகளுக்கு மகமை என்றொரு பிடித்தம் இருந்தது. தொழிலின் அளவுக்கு ஏற்ப ஒரு சிறு பங்கு, அந்தந்த ஊரில் நகரத்தார் கட்டிய தண்டாயுதபாணி கோயிலுக்கோ அறக்கட்டளைக்கோ போகும். சிங்கப்பூர் டேங்க் ரோட்டில் 1859இல் எழுந்த கோயில் அப்படிப்பட்டது. கோயிலில்தான் கூடி நடப்பு வட்டி என்னவென்று முடிவு செய்தார்கள், வழக்கும் தீர்த்துக்கொண்டார்கள். கணக்கைப் பொய்யாக எழுதி மகமையைக் குறைத்தால் அது முருகனுக்கு மட்டும் தெரிகிற சங்கதியாக இருக்காது. அடுத்த மேசைப் பெட்டிக்காரனுக்கும் தெரிந்துவிடும். அவனுடைய கடன் இல்லாமல் நாளைக்குக் கடை ஓடாது.

இந்த அறப்பணத்தை வள்ளல்தன்மை என்று புகழ்வது வழக்கம். வள்ளல்களும் இருந்தார்கள்தான். ஆனால் பெரும்பகுதி வள்ளல்தன்மையால் வந்ததில்லை. லாபத்தைப் பங்கு போடுமுன்பே கணக்கில் பிடித்துவைத்த பணம் அது. மனம் மாறுவதற்குள் கை மாறிவிட்ட பணம். இன்றைக்கு வெளிநாட்டுப் பணத்தை ஊர்வளர்ச்சிக்குத் திருப்புவது எப்படி என்று திட்டம் போடுகிறவர்கள் மகமைக் கணக்கு ஏடுகளைப் புரட்டிப் பார்ப்பது நல்லது.

அந்தப் பணம் எங்கே போனது? முதலில் வீட்டுக்கு. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடுகள், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு, ஆத்தங்குடித் தரை. 1927 செப்டம்பரில் செட்டிநாட்டில் சுற்றிய காந்தி, இந்த வீடுகளில் அடைத்துவைத்திருந்த வெளிநாட்டு மரச்சாமான்களைக் குறைசொல்லிப் பேசினார். விருந்தளித்தவர்களிடமே அதைச் சொன்னார் என்பதுதான் அவருடைய அழகு.

அடுத்து கோயிலுக்கு. பிள்ளையார்பட்டி தொடங்கி மதுரை, சிதம்பரம், திருவண்ணாமலை வரை நகரத்தார் திருப்பணி செய்யாத பெரிய சிவாலயத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். காசியில் 1863இல் சத்திரம் அமைத்தார்கள். ஆனால் திருப்பணி என்ற பெயரில் பழைய கற்றளிகளைப் பிரித்துப் புதிதாகக் கட்டியதில் எத்தனையோ கல்வெட்டுகள் அழிந்தன என்ற வருத்தம் வரலாற்று ஆய்வாளர்களுக்கு உண்டு. பக்திக்கும் பணத்துக்கும் குறைவில்லாத இடத்தில் சோழர் காலத்து எழுத்தைப் படிக்க யாருக்கும் பொறுமை இருக்கவில்லை.

பிறகு தண்ணீருக்கு. நகரத்தார் ஊர் ஒவ்வொன்றிலும் படித்துறை கட்டிய ஊருணி உண்டு. வரத்துக்கால் வெட்டி, கரை கட்டி, குடிப்பதற்கு ஒன்று, குளிப்பதற்கு ஒன்று என்று பிரித்து வைத்தார்கள். வீட்டுக் கூரைத் தண்ணீர்கூட முற்றத்தில் இறங்கி வடிகால் வழியாக ஓடும்படி தெருவை அமைத்தார்கள். பளிங்கைப் பார்க்க வருகிற சுற்றுலாக்காரர் இதைப் பார்ப்பதில்லை.

கல்விக்குப் பணம் வந்தது கடைசியில்தான். வந்தபோது முதலில் தேவார பாடசாலைக்கும் வேத பாடசாலைக்கும் வந்தது. தமிழுக்கும் பொதுக் கல்விக்கும் திரும்பியது இருபதாம் நூற்றாண்டில். 1909இல் மேலைச்சிவபுரியில் சன்மார்க்க சபை தொடங்கியது. 1917இல் காரைக்குடியில் இந்து மதாபிமான சங்கம். இரண்டாண்டு கழித்து பாரதியார் அங்கே வந்துபோனார். மேலைச்சிவபுரிச் சபையின் உயிர்நாடி பண்டிதமணி மு. கதிரேசன் செட்டியார். மகிபாலன்பட்டிக்காரர். திண்ணைப் பள்ளியில் சில மாதங்களே படித்தவர். பதினொரு வயதில் இலங்கைக்குக் கொண்டுவிக்கப் போய், தந்தை இறந்ததும் ஊர் திரும்பினார். ஒரு கால் நலிந்த நிலையில் தமிழையும் வடமொழியையும் தாமே தேடிப் படித்தார். பிற்காலத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியர் ஆனார். வட்டிக்கடையில் கணக்கெழுதியிருக்க வேண்டிய சிறுவன், அதே தொழிலின் பணம் எழுப்பிய பல்கலைக்கழகத்தில் பாடம் சொன்னார்.

இவ்வளவுக்கும் பணம் கொடுத்தது யார் என்ற கேள்வியைச் செட்டிநாட்டில் நின்று பார்த்தால் ஒரு விடையும், ஐராவதிக் கரையில் நின்று பார்த்தால் வேறு விடையும் கிடைக்கும். உள்ளூர் லேவாதேவிக்காரரைவிடச் செட்டியார் வட்டி குறைவு என்பது உண்மை. நிலத்தை எடுத்துக்கொள்ளும் ஆசையும் அவர்களுக்குப் பெரிதாக இருந்ததில்லை. நிலம் என்பது முடங்கிய முதல். புரள்கிற பணம்தான் தொழில். ஆனால் 1930இல் உலக மந்தம் வந்தது. நெல் விலை ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது. கடனைக் கட்ட யாராலும் முடியவில்லை. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்கள் பதின்மூன்றில் 1930இல் 6 சதவீதமாக இருந்த செட்டியார் நிலம், 1930களின் இறுதியில் 25 சதவீதமாயிற்று. பாட்டன் காடு வெட்டித் திருத்திய வயலில் பேரன் குத்தகைக்காரனானான். 1930 டிசம்பரில் தாராவடி மாவட்டத்தில் சாயா சான் தலைமையில் விவசாயிகள் கிளர்ந்தெழுந்ததற்கு வரி முதல் காரணம் என்றால், கடன் அடுத்த காரணம். மலாயாவிலும் 1933இல் மலாய்க்காரர் ஒதுக்கீட்டு நிலச் சட்டத்தை இறுக்கினார்கள். ஈடு வைத்த நிலம் செட்டியார் கைக்குப் போகாமல் தடுப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. ஊருணிப் படித்துறையைப் பாராட்டும்போது இந்தக் கணக்கை மறைத்துவிட்டு எழுதுவது நியாயமாகாது.

முடிவு வேகமாக வந்தது. 1942இல் ஜப்பானியர் நுழைந்தபோது நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் பர்மாவைவிட்டு ஓடினார்கள், பலர் அரக்கான், மணிப்பூர்க் காடுகள் வழியாக நடந்தே. சுதந்திர பர்மா 1948இல் நில தேசியமயச் சட்டம் இயற்றியது. ராணுவத் தலைவர் நெ வின்னின் ஆட்சி 1963இல் வங்கிகளையும் 1964இல் கடைகளையும் எடுத்துக்கொண்டது. 50, 100 கியாட் நோட்டுகளைச் செல்லாதவை ஆக்கியது. பத்திரங்கள் கட்டுக்கட்டாகச் செட்டிநாட்டுப் பெட்டகங்களில் இருந்தன, நிலம் இல்லை.

முன்கூட்டியே மோப்பம் பிடித்தவர்களும் உண்டு. 1900இல் மௌல்மேனில் தொழில் தொடங்கிய முருகப்பா குடும்பம், போருக்கு முன்பே முதலைத் தாய்நாட்டுக்குத் திருப்பிக்கொண்டது. பின்னாளில் சைக்கிளும் உப்புத்தாளும் செய்தது. எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் திறந்தார்.

திரும்பாத பணத்தைவிட, அதற்கு முன்பே ஊரில் பொதுச்சொத்தாக மாறிவிட்ட பணத்தின் கதைதான் நீளமானது. கானாடுகாத்தான் அண்ணாமலைச் செட்டியார் 1920இல் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். அங்கிருந்த தம் கல்லூரிகளோடு 20 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பிறந்தது. தென்னாற்காட்டுக் கிராமத்துப் பையன்கள் சென்னைக்குப் போகாமல் பட்டம் வாங்கினார்கள். நகரத்தார் அல்லாதவர்களுக்கும் இந்தப் பணம் பெரிய அளவில் போய்ச் சேர்ந்தது இங்கேதான்.

கோட்டையூர் அழகப்பச் செட்டியார் அடுத்த தலைமுறை. பாரிஸ்டர், மலாயாவில் ரப்பர், கேரளத்தில் நூலாலை, சிறிது காலம் விமானக் கம்பெனிகூட. 1947இல் சென்னையில் ஒரு கூட்டத்தில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. லட்சுமணசாமி முதலியார், செல்வந்தர்கள் கல்லூரி தொடங்க முன்வர வேண்டும் என்றார். அழகப்பர் அங்கேயே ஒரு லட்சம் அறிவித்தார். அடுத்த மாதமே காரைக்குடியில் கல்லூரி தொடங்கிவிட்டது, சொந்தக் கட்டடம் எழும்வரை காத்திருக்கவில்லை. மின்வேதியியல் ஆய்வகம் ஒன்றை மத்திய அரசு அமைக்கப்போகிறது என்று தெரிந்ததும் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தர முன்வந்தார். 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரியில் ஆய்வகம் திறந்தது. இப்படித்தான் தேசிய ஆய்வகம் ஒன்று கண்மாய்க்கரை ஊருக்கு வந்தது. கோட்டையூரில் தாம் வாழ்ந்த வீட்டையும் பெண்கள் கல்லூரிக்குக் கொடுத்துவிட்டார். 1957இல் அவர் இறந்தபோது வயது ஐம்பதுகூட ஆகவில்லை.

இருவருக்கும் இடையே ஒரு வேறுபாடு. அழகப்பர் ஆய்வகத்தை முழுதாக அரசிடம் ஒப்படைத்தார். அவர் கல்லூரிகளைச் சுற்றி 1985இல் மாநில அரசு அழகப்பா பல்கலைக்கழகத்தை அமைத்தது. சிதம்பரத்தில் பல்கலைக்கழகத்தின் பிடி நிறுவனர் குடும்பத்திடமே பல தலைமுறைகளுக்கு இருந்தது. கடைசியில் சம்பளம் போடவே பணமில்லாத நெருக்கடி வந்து, 2013இல் தமிழக அரசு சட்டம் இயற்றி அதைத் தன் கீழ் கொண்டுவந்தது.

வீடுகள் பலவற்றின் தேக்குத் தூண்கள் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கு வந்துவிட்டன. சில வீடுகள் விடுதிகளாகிவிட்டன. பங்காளிகள் இருபது முப்பது பேருக்குச் சொந்தமானவை விற்கவும் முடியாமல் பூட்டிக் கிடக்கின்றன. ஒன்பது கோயில்களில் புள்ளிக் கணக்கு மட்டும் இன்னும் எடுக்கப்படுகிறது. வரி கட்டுகிறவர்களில் பலர் சென்னையிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் மாதச் சம்பளக்காரர்கள்.