பரம்பரையும் பித்தும்: வெளிவராத ஓர் ஆய்வின் வரலாறு

நூலைப் போல சேலை, தாயைப் போல பிள்ளை என்பது நம்மவர் வழக்கு. பெற்றோரின் உளநோய் பிள்ளைகளையும் சேருமா என்ற வினாவுக்கு ஐரோப்பியரும் நெடுங்காலம் இத்தகைய விடையையே கொண்டிருந்தனர். ஆயின் ஜேர்மனியில் இந்நம்பிக்கை விஞ்ஞானத்தின் பெயரால் சட்டமாகவும் உருப்பெற்றது.

மிதமிஞ்சிய எழுச்சியும் ஆழ்ந்த சோர்வுமாக மாறிமாறி வரும் நோயினைப் பித்துச்சோர்வு நோய் என 1899இல் வகுத்தவர் உளமருத்துவர் எமில் கிறெப்லின். இன்று இருமுனைப் பிறழ்வு எனப்படுவது அவ்வகுப்பினுள் அடங்கியிருந்த ஒன்றே. அவருடைய மாணாக்கரான ஏர்ன்ஸ்ற் றூடின், பெருந்தொகையான குடும்பங்களைப் புள்ளிவிபர முறையில் ஆராய்வதில் வல்லவர். மனப்பிளவு நோயின் பரம்பரை பற்றி 1916இல் அவர் வெளியிட்ட நூல் அத்துறைக்கே அடிப்படையாயிற்று. உளநோயாளர் பிள்ளை பெறலாகாது என்னும் இனமேம்பாட்டு வாதத்தின் முன்னணிப் பிரசாரகரும் அவரே.

1922 முதல் 1925 வரை அவர் பித்துச்சோர்வு நோயை ஆராய்ந்தார். மெண்டல் பட்டாணிச் செடிகளிற் கண்ட விகிதங்கள் இங்கும் புலப்படுமென்பது எதிர்பார்ப்பு. அவை புலப்படவில்லை. எழுதி முடிக்கப்பட்ட அவ்வாய்வு அச்சேறவுமில்லை. கையெழுத்துப்படியைப் பரிசீலித்து 2015இல் கட்டுரை வெளியிட்ட அறிஞர்கள், முடிபு கொள்கையோடு முரண்பட்டமையே இதற்குக் காரணம் எனக் கருதுகின்றனர். இக்கருத்து ஏற்புடையதே, ஏனெனில் தமது ஆய்வு கைகொடுக்காத பின்னரும் றூடின் தம் பிரசாரத்தைத் தளர்த்தினாரல்லர்.

1933 ஜூலை 14ஆம் திகதி ஹிற்லரின் அரசு, பரம்பரை நோயுற்ற சந்ததியைத் தடுக்கும் சட்டத்தை இயற்றியது. பலவந்தமாக மலடாக்கப்படுவதற்குரிய நோய்களின் பட்டியலில் மூன்றாவது இடம் பித்துச்சோர்வு நோய்க்கு! சட்டத்துக்கான விளக்கவுரையை 1934இல் எழுதிய மூவருள் றூடினும் ஒருவர். 1945 வரையில் எல்லா நோய்ப்பிரிவுகளையும் சேர்த்து ஏறத்தாழ 4 இலட்சம் பேர் மலடாக்கப்பட்டனர். எளிய மெண்டல் விதிக்கு அமையவில்லை எனத் தம் கைப்படக் கணித்திருந்த நோயையும் பட்டியலிலிருந்து நீக்குமாறு அவர் வாதாடவில்லை. இதனை அறியாமை எனக் கூறி மன்னிக்க இயலாது.

பாரம்பரியத்தின் பங்கு பொய்யன்று. பொதுமக்களில் நூற்றுக்கு ஒருவர் அல்லது இருவரைப் பற்றும் இந்நோய், பெற்றோரில் ஒருவருக்கு இருப்பின் பிள்ளைகளில் நூற்றுக்குப் பத்துப்பேர் அளவில் தோன்றுகிறது என்பது இன்றைய பொதுவான மதிப்பீடு. ஒரேகரு இரட்டையரில் ஒருவர் நோயுற்றாலும் மற்றவர் தப்புவது உண்டு. சிறு பங்குடைய பல மரபணுக்கள் சூழலோடு கூடியே நோயைத் தோற்றுவிக்கின்றன.

போருக்குப்பின் சிலகாலம் தடுப்புக்காவலில் இருந்த றூடின், நாற்சிகளை வெறுமனே பின்தொடர்ந்தவர் என வகைப்படுத்தப்பட்டு, 1952இல் இறந்தார்.