சீட்டை வாசித்தலும் ஆளை வாசித்தலும்

சாரல் காலத்தில் குற்றாலத்து விடுதித் திண்ணைகளில் ரம்மி ஆடுகிறவர்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். எதிராளி கீழே கிடந்த ஆட்டின் ஏழை எடுத்துவிட்டால், ஆட்டின் ஆறையோ எட்டையோ விவரமானவன் எவனும் கழிக்கமாட்டான். எடுத்ததையும் கழித்ததையும் வைத்துக் கையிலிருப்பதை ஊகிப்பது. இதுவும் ஒரு பிரதி வாசிப்புதான்.

1967இல் உச்சநீதிமன்றம் இந்த வாசிப்பை அங்கீகரித்தது. செகந்திராபாத் மனமகிழ் மன்றமொன்றின் வழக்கில், விழுந்த சீட்டுகளை ஞாபகம் வைக்க வேண்டியிருப்பதால் ரம்மி பிரதானமாகத் திறமை ஆட்டம் என்றது. கூடவே, மூணு சீட்டு வெறும் அதிர்ஷ்டம் என்றும் சொல்லிவைத்தது. எனக்கு இடிக்கிற இடம் இதுதான். மூணு சீட்டில் வாசிக்கக் கீழே சீட்டே விழாது. ஆளைத்தான் வாசித்தாக வேண்டும். எவன் பார்க்காமலே கட்டுகிறான், எவன் கைச்சீட்டைப் பார்த்ததும் தொகையை ஏற்றுகிறான், எவன் சும்மா மிரட்டுகிறான்?

போக்கரிலும் பாதி இதுதானே? (பொதுச்சீட்டுகள் கணக்குக்கு இடம் தருகின்றன, ஒத்துக்கொள்கிறேன்.) ஆனால் தமிழக அரசின் 2022 சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்களாகப் பட்டியலிட்டதை 2023இல் சென்னை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. வழக்காடியவை இணைய ஆட்டக் கம்பெனிகள். தென்காசிப் பக்கம் தோப்பில் துண்டு விரித்து மூணு சீட்டு ஆடுகிற கூலிக்காரனுக்கோ 1930ஆம் வருஷத்துச் சூதாட்டச் சட்டம். அவனுடைய வாசிப்பைத் திறமை என்று வாதாட யார் போனார்கள்?

2025இல் மத்திய அரசு, திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை மொத்தமாகத் தடை செய்தது. தோப்புக்கு அந்தப் பழைய பிரிவினை அப்படியே கிடக்கிறது.