வேதம் வந்தது, நிலம் வந்ததா?

நெல்லைத் திருச்சபை வரலாறு என்றதும் ரேனியஸ், கால்டுவெல், சார்ஜென்ட் என்று வெள்ளைக்காரப் பெயர்களைத்தான் அடுக்குகிறோம். ஆனால் 1799-இல் சாத்தான்குளம் பக்கம் முதலூர் உருவாகக் காரணமானவர் தாவீது சுந்தரானந்தம் என்ற உள்ளூர் உபதேசியார். வேதத்தில் சேர்ந்ததற்காகத் துன்புறுத்தப்பட்ட பனையேறி மக்களுக்கு நிலம் வாங்கிக் குடியேற்றிய ஊர் அது. 1827-இல் டோனா பிரபுவின் பணத்தில் ரேனியஸ் டோனாவூரை அமைத்ததும் இதே வழியில்தான்.

பசிபிக் தீவுகளிலும் இப்படித்தான். துவாலுவுக்கு 1861-இல் வேதத்தைக் கொண்டுபோனவர், படகு திசைமாறிக் கரையொதுங்கிய குக் தீவுக்காரர் எலெகானா. உள்ளூர்க்காரரின் உழைப்பு எங்கும் அடிக்குறிப்பாகவே நிற்கிறது.

தேரிக்காட்டில் அலையலையாகப் பரவிய கிறித்தவம் தாமிரபரணிக் கரையின் நஞ்சை ஊர்களில் ஏன் அந்த அளவு பரவவில்லை? விடையை நிலத்தில் தேட வேண்டும் என்கிறோம். காரும் பிசானமும் விளைந்த வயல்கள் பிராமணர், வேளாளர், கோயில்கள், மடங்கள் கையில் இருந்தன. அதில் உழைத்தவர்கள் பள்ளர், பறையர் மக்கள். குடிசை நின்ற மண்கூட ஆண்டையுடையது. வேதத்தில் சேர்ந்தால் வேலையும் போகும், குடியிருப்பும் போகும். பனையேறிகளும் வரியிலும் கடனிலும் நசுங்கியவர்கள்தான்; ஆனாலும் பண்ணையாளைப்போல ஒரே ஆண்டையின் வரப்புக்குள் கட்டுண்டவர்கள் அல்லர்.

சேர்ந்த இடத்திலும் சாதி கூடவே வந்தது. வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயிலில் வேளாளருக்கும் நாடாருக்கும் நடுவே சுவர் நின்றது. 1910-இல் அது இடிக்கப்பட்டபோது ஆதிக்கச் சாதியினர் வழக்குமன்றம் வரை போய்த் தோற்றார்கள்.

இதே மண்ணில் மறுபக்கமும் உண்டு. வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா, 1903-இல் நெல்லை மக்களின் காணிக்கையை நம்பி இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர். அந்தச் சங்கம் நிஜாம் ஆட்சிப் பகுதியான தோர்ணக்கல்லுக்குப் போனது. அங்கே திரளாகச் சேர்ந்தவர்கள் மாலா, மாதிகா மக்கள். 1912-இல் அசரியா முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயர் ஆனார்.

இது பழங்கதை அல்ல. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியாக ஏற்றது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். தலித் கிறித்தவர் வெளியே நிறுத்தப்பட்டனர். தமிழகத்தில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர். சேரி அதே சேரி, வசவும் அதே வசவு. ஆனால் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு அவர்களுக்கு இல்லை. அதனால்தான் நாம் களப்பணியில் பார்க்கும் பல குடும்பங்கள் ஞாயிறன்று ஆலயத்திலும் சான்றிதழில் இந்துவாகவும் வாழ்கின்றன.

அன்று ஆண்டை குடிசையைக் காட்டி மிரட்டினான். இன்று அரசு சான்றிதழைக் காட்டுகிறது. 1950 ஆணையின் மத வரம்பை நீக்கு என்று அரசிடம் கேட்போம். அதே மூச்சில், சபை நிலங்களிலும் பதவிகளிலும் தலித்துகளுக்கு என்ன பங்கு என்று திருச்சபைகளிடமும் கேட்போம்.